சம்பளத்தைக் கேட்டீர்கள், அந்த நாட்டின் சட்டத்தைக் கேட்டீர்களா?



"ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரியுமா? டிப்ளோமா அல்லது பட்டம் உண்டா? வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை. அனுபவம் தேவையில்லை. விமான டிக்கெட், தங்குமிடம் இலவசம்."

இந்த மாதிரி விளம்பரம் உங்கள் பிள்ளையின் கைப்பேசிக்கும் வந்திருக்கும். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துப் பெற்றோர்கள் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களிடம் வந்து கேட்கும் கேள்வியும் இதுதான்: "ஐயா, பிள்ளையை அனுப்பலாமா?"

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. நான்கு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். எந்த நாடு? என்ன விசா? யார் முதலாளி? அந்த நாட்டில் எப்படிப்பட்ட ஆட்சி? முதல் மூன்றையாவது சிலர் கேட்கிறார்கள். நான்காவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. "நாம் என்ன அரசியலா பண்ணப் போகிறோம்? ஏ பி சி டி சொல்லிக் கொடுக்கத்தானே போகிறோம்" என்கிறார்கள். இந்தத் தலையங்கம் அந்த நான்காவது கேள்வியைப் பற்றியது.

ஏன் போகத் துடிக்கிறார்கள்?

போக நினைக்கும் பிள்ளைகளை நாம் குறை சொல்லவில்லை. கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா என்று பெருமையோடு சொன்னார்கள். இன்டெல் வந்தது, இன்ஃபினியோன் வந்தது, ஃபர்ஸ்ட் சோலார் வந்தது. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியோன் தன்னுடைய புதிய சிலிக்கன் கார்பைடு ஆலையைப் பிரதமரைக் கொண்டு திறந்தது. பால்மரமும் செம்பனையும் நின்ற வட்டாரத்தில் இன்று உலகத்திற்கே சில்லுகள் தயாராகின்றன.

ஆனால் அந்த மரங்களை நட்டு வளர்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஆலைகளில் எங்கே நிற்கிறார்கள்? பலர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், குத்தகை ஏஜெண்டின் கீழ், ஆபரேட்டராக நிற்கிறார்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பட்டம் முடித்த பிள்ளை, பிடிபிடிஎன் கடனும் கட்ட வேண்டிய பிள்ளை, ஓ.டி. செய்தால்தான் வீட்டு வாடகை என்ற நிலையில் இருக்கும்போது, "வாத்தியார் வேலை, இதைவிட இரண்டு மூன்று மடங்கு சம்பளம்" என்று ஒருவன் சொன்னால் மனம் ஆடத்தானே செய்யும்?

அதிலும் வாத்தியார் வேலை! தோட்டத்தில் துரை, கிராணி இவர்களுக்கு அடுத்து மரியாதை யாருக்கு இருந்தது? தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்குத்தான். "என் மகள் வெளிநாட்டில் டீச்சர்" என்று சொல்லிக் கொள்வதில் ஒரு தாய்க்கு இருக்கும் பெருமையை நாம் அறிவோம். ஏமாற்றுகிறவனும் அதை அறிவான்.

நம் சரித்திரம் நமக்கு மறந்துவிடக் கூடாது. நம் பாட்டன் பூட்டனை இங்கே கொண்டு வந்ததும் ஒரு வேலை விளம்பரம்தான். அன்றைக்குக் கைப்பேசி இல்லை, கங்காணி இருந்தான். மலாயாவில் மரத்துக்கு மரம் பணம் காய்க்கிறது என்றான். கப்பல் ஏறிய பிறகுதான் கடன் கணக்கு தெரிந்தது, இங்கே இறங்கிய பிறகுதான் லயம் தெரிந்தது. சட்டம் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் கடல் தாண்டியதன் விலையை நாம் மூன்று தலைமுறையாகக் கொடுத்து வருகிறோம்.

சட்டம் ஆட்சியாளரின் கையில் இருக்கும் நாடு

சர்வாதிகார ஆட்சி என்றால் என்ன? தெருவெல்லாம் பீரங்கி நிற்கும் என்று அர்த்தமில்லை. கடைகள் திறந்திருக்கும், பள்ளிக்கூடம் நடக்கும், ரயில் நேரத்திற்கு வரும். ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் உங்கள் மீது கை வைத்தால், அவரைத் தடுக்க நீதிமன்றத்தால் முடியாது, பத்திரிகையால் முடியாது, தேர்தலாலும் முடியாது. அதுதான் சர்வாதிகாரம்.

விசாரணையில்லாக் காவல் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1960 முதல் 2012 வரை நம் நாட்டில் இசா சட்டம் இருந்தது. 1987இல் ஒப்பராசி லாலாங் நடந்தது. 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் கமுந்திங்கிற்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஆனால் அப்போதும் குடும்பத்தார் கமுந்திங்கிற்குப் போய்ப் பார்க்க முடிந்தது. வழக்கறிஞர்கள் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது. நாடெங்கும் மெழுகுவர்த்தி ஏந்தி மக்கள் நிற்க முடிந்தது. மொழி தெரியாத, ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத ஒரு நாட்டில் உங்கள் பிள்ளை உள்ளே போனால் யார் மெழுகுவர்த்தி ஏந்துவார்?

ஆங்கிலம் மட்டும்தானே சொல்லிக் கொடுக்கிறோம் என்பவர்களுக்காகச் சில உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறோம்.

சூடான், 2007. கில்லியன் கிப்பன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆசிரியை, தலைநகர் கார்ட்டூமில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். வகுப்பில் ஒரு கரடிப் பொம்மை. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பிள்ளைகளிடமே வாக்கெடுத்தார். பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது முகமது என்ற பெயர். யாரையும் புண்படுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் அந்த நவம்பரில் அவர் கைதானார், சமயத்தை அவமதித்ததாக 15 நாள் சிறை விதிக்கப்பட்டது. இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்று வெளியே கூட்டம் கூடிக் கத்தியது. 1989இல் இராணுவப் புரட்சி மூலம் வந்த ஒமார் அல்-பஷீர் அப்போது அதிபர். பிரிட்டிஷ் மேலவையின் முஸ்லிம் உறுப்பினர்கள் இருவர் விமானம் ஏறிப் போய் அதிபரைச் சந்தித்தார்கள். அதன் பிறகே மன்னிப்புக் கிடைத்தது.

கவனியுங்கள். அவரை உடனே வெளியே கொண்டு வந்தது மேல்முறையீடு அல்ல, ஓர் ஆளின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை வாங்க இரண்டு பிரபுக்கள் பறந்து போனார்கள். பாடாங் செராயில் லாரி ஓட்டும் ஒருவரின் மகளுக்காக யார் பறந்து போவார்?

தாய்லாந்து. நமக்கு மிகப் பக்கம். புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டினால் ஹாட்யாய். அரச குடும்பத்தை அவமதித்தால் தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 112வது பிரிவின் கீழ் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. ஹாரி நிக்கோலாய்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். சொந்தச் செலவில் ஒரு நாவல் அச்சிட்டார். அச்சிட்டதே 50 பிரதிகள், விற்றது ஏழு. அதில் இருந்த சில வரிகளுக்காக 2008 ஆகஸ்டு கடைசியில் பேங்காக் விமான நிலையத்தில் கைதானார். 2009 ஜனவரியில் மூன்று ஆண்டு சிறை. அடுத்த மாதம் அரச மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பினார். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் நரேசுவான் பல்கலைக்கழக விரிவுரையாளரான அமெரிக்கர் பால் சேம்பர்ஸ் அதே பிரிவில் கைது செய்யப்பட்டார். மே மாதம் வழக்குக் கைவிடப்பட்டது. ஆனால் விசா போயிற்று, வேலையும் போயிற்று.

தாய்லாந்தில் தேர்தல் நடக்கிறது. 2006இலும் 2014இலும் இராணுவப் புரட்சியும் நடந்தது. ஆட்சி எதுவானாலும் 112 அப்படியே இருக்கிறது. வகுப்பில் ஒரு மாணவன் அரசரைப் பற்றிக் கேள்வி கேட்டால், நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் பதிலும் வழக்காகலாம்.

வடகொரியா, 2017. இது நேராக நம் நாட்டுக்காரர்களுக்கு நடந்தது. பிப்ரவரி 13இல் கிம் ஜோங் நாம் கோலாலம்பூர் கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் கொல்லப்பட்டார். இரு நாடுகளுக்கும் சண்டை முற்றியது. மார்ச் மாதம், தன் நாட்டிலிருந்த மலேசியர்கள் யாரும் வெளியேறக் கூடாது என்று வடகொரியா உத்தரவு போட்டது. ஐ.நா. ஊழியர்கள் இருவர் முதலில் வெளியேறினார்கள். தூதரக ஊழியர்களும் குடும்பத்தாருமான ஒன்பது பேர் மார்ச் 31இல்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். அரசதந்திரப் பாதுகாப்பு உள்ளவர்களுக்கே இந்தக் கதி! அதே ஆண்டு, பியோங்யாங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய அமெரிக்கர் இருவர் அடுத்தடுத்துப் பிடிபட்டு, 2018 மே மாதம்தான் விடுதலையானார்கள். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அது. இரு அரசாங்கங்கள் மோதும்போது நடுவில் மாட்டிக்கொள்வது சாதாரண மனிதன்தான்.

ஒரே அறிவிப்பில் போன வேலை

சீனாவில் ஆங்கில ஆசிரியருக்கு நல்ல சம்பளம் என்பது உண்மை. ஆனால் 2021 ஜூலை 24 அன்று என்ன நடந்தது தெரியுமா? பள்ளி மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, முக்கியப் பாடங்களில் இலாப நோக்கிலான டியூஷனுக்கு அரசு தடை போட்டது. வெளிநாட்டிலிருந்தபடி இணையம் வழியாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் தடை. நியூ ஓரியன்டல் என்ற ஒரே நிறுவனம் 60,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தியதாக அதன் நிறுவனரே பிறகு சொன்னார். மாணவருக்கு நல்லது கெட்டது என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தொழிலையே ஒரே அறிவிப்பில் நிறுத்தும் ஆட்சியை எதிர்த்து வேலை இழந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது?

இன்னொரு விஷயம். சீனாவில் மொழி ஆசிரியராக வேலை செய்ய, கற்பிக்கும் மொழி உங்கள் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. நடைமுறையில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் கடப்பிதழைத்தான் பார்க்கிறார்கள். மலேசியர் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஏஜெண்டு என்ன செய்கிறான்? "மலேசியருக்கு 30 நாள் விசா வேண்டாம், முதலில் போய்ச் சேர், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான். இது வலை! விசா இல்லாமல் போகும் சலுகை வேலை செய்ய அல்ல. பிடிபட்டால் அந்த நாட்டுக் குடிநுழைவுச் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான குற்றமாகக் கருதினால் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. முடிவடையாத சிவில் வழக்கு இருந்தால், நாட்டை விட்டு வெளியேறவிடாமல் தடுக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. முதலாளி உங்கள் மேல் ஒப்பந்த வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆங்கிலம் தெரிந்தவனுக்குத்தான் தூண்டில்

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. தாய்லாந்தின் மே சோட் நகருக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் மியன்மாரின் மியவாடி. இணைய மோசடிக் கூடாரங்கள் வளர்ந்து பெருகிய இடம். கம்போடியாவிலும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இப்படிக் கட்டாய மோசடி வேலையில் சிக்கியிருக்கலாம் என்றது. சிக்கியவர்களில் பலர் படித்தவர்கள், பட்டதாரிகள், கணினியும் பல மொழிகளும் தெரிந்தவர்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

புரிகிறதா? படிக்காத பாமரன்தான் ஏமாறுவான் என்ற எண்ணம் இங்கே செல்லாது. வெளிநாட்டுக்காரனிடம் ஆங்கிலத்தில் பேசி ஏமாற்ற ஆங்கிலம் தெரிந்த அடிமை வேண்டும். ஆசிரியர், கஸ்டமர் சர்வீஸ், மொழிபெயர்ப்பாளர் என்று எந்தப் பெயரிலும் அழைப்பு வரலாம்.

தமிழ்ப் பிள்ளைகளும் இதில் சிக்கினார்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியவாடிக்குக் கடத்தப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் அந்த அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இந்திய அரசு விமானப்படை விமானங்களை அனுப்பி 549 பேரை மே சோட் வழியாக மீட்டது. இலங்கையரும் மலேசியரும்கூட அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

இந்தக் கூடாரங்கள் ஏன் அங்கே வேர் விட்டன? ஆயுதக் குழுக்கள் பங்கு வாங்கிக்கொண்டு காவல் நிற்கும் இடத்தில், 2021 பிப்ரவரி 1இல் இராணுவம் ஆட்சியைப் பறித்த பிறகு கேட்பாரற்ற நிலை இன்னும் மோசமானது. சட்டம் செத்த இடத்தில்தான் இப்படிப்பட்ட தொழில் செழிக்கும். ஆகவே "அந்த நாட்டு அரசியல் நமக்கு எதற்கு" என்று சொல்லாதீர்கள்.

அந்த நாற்காலி எப்படிக் காலியானது?

இதுவரை சொன்னது நம் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கவலை. இனிச் சொல்வது நம் பிள்ளை அங்கே என்ன செய்கிறான் என்ற கேள்வி. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த நாம் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? துப்பாக்கிக்குக் கீழே பாடம் நடத்த மாட்டோம் என்று சொல்லி ஒத்துழையாமையில் இறங்கினார்கள். 2021 மே மாதத்திற்குள் 125,000க்கும் அதிகமான பள்ளி ஆசிரியர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டதாக அந்நாட்டு ஆசிரியர் சங்கம் கூறியது. சம்பளம் போயிற்று, பலருக்கு வீடும் போயிற்று. அரசுக்கு எதிரான பேச்சு என்று சொல்லி மூன்றாண்டு சிறை வரை தள்ள 505ஏ என்ற புதுப் பிரிவையும் இராணுவம் சேர்த்தது.

இப்போது யோசியுங்கள். அங்கே ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் நாற்காலி காலியாக இருக்கிறது. அது எப்படிக் காலியானது? அதில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றாரா? அல்லது நியாயத்திற்காக எழுந்து போனாரா?

எழுந்து போனவரின் இடத்தில் போய் உட்காருகிறவனுக்கு நம் தோட்டங்களில் ஒரு பெயர் உண்டு. கருங்காலி! 1947இல் இந்தக் கெடா மாநிலத்தில், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்திலும் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்திலும் நம் மக்கள் தொண்டர் படையாகவும் சங்கமாகவும் எழுந்து நின்றார்கள், போலீசின் துப்பாக்கியையும் சந்தித்தார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் துரைக்காக மரம் வெட்டப் போனவன் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அந்த மானம் எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும்தானா? பர்மிய ஆசிரியை நம் வர்க்கம் இல்லையா?

பர்மாத் தமிழர் பட்டதும் நமக்குத் தெரியாததல்ல. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளும் தொழில்களும் பள்ளிகளும் தேசியமயமாயின. இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கையில் இருந்ததையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டில் இன்றும் பர்மா காலனி, பர்மா பஜார் என்று இடங்கள் இருப்பது அதனால்தான். அதே ஆட்சி பள்ளியில் ஆங்கிலத்தின் இடத்தையும் சுருக்கியது, 1980களின் தொடக்கத்தில் திரும்பக் கொண்டு வந்தது. நம் ஊரிலும் 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் ஆங்கிலப் பாடம் போய் நிப்பொங்கோ வந்தது. ஆட்சியாளன் நினைத்தால் மொழி வரும், நினைத்தால் போகும். அதைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரின் கதியும் அதுவே.

அப்படியென்றால் சர்வாதிகார நாட்டில் யாரும் பாடம் நடத்தவே கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைலே செலாசி மன்னர் காலத்தில் இந்தியாவிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் அங்கே போனார்கள். கேரளத்தவரும் தமிழரும் அவர்களில் நிறையப் பேர். உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பாடம் அவர்கள் கையில் வளர்ந்தது. 1974இல் இராணுவம் மன்னரை இறக்கியது. மெங்கிஸ்து ஆட்சியில் 1977, 1978 ஆண்டுகளில் சிவப்புப் பயங்கரம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பலியானவர்களில் மாணவர்களும் இளைஞர்களும் ஏராளம். அந்தக் காலத்திலும் அங்கே தங்கிப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் உண்டு. கொடுங்கோலன் ஆண்டாலும் பிள்ளை பிள்ளைதான், அதற்குப் படிப்பு வேண்டும். அவர்கள் யாருடைய வேலைநிறுத்தத்தையும் உடைக்கப் போகவில்லை, ஆட்கள் இல்லாத இடத்திற்கு அழைக்கப்பட்டுப் போனவர்கள்.

நாம் பார்க்க வேண்டிய வித்தியாசம் இதுதான். பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறாயா, ஆட்சியாளன் துரத்திய ஆசிரியரின் இடத்தை அடைக்கப் போகிறாயா?

போகத்தான் வேண்டும் என்றால்

பெட்டி கட்டுவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்.

1. ஏஜெண்டிடம் உரிமம் கேளுங்கள். தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் சட்டம் 1981இன்படி உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். 200,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எல்லா உரிமமும் வெளிநாட்டு வேலைக்குச் செல்லாது. உரிம எண்ணை வாங்கித் தொழிலாளர் இலாகாவில் விசாரியுங்கள். கட்டும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும்.

2. வேலை விசா கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள். "போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அந்த வேலையே வேண்டாம்.

3. ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பள்ளியின் பெயர், முகவரி, சம்பளம், வேலை நேரம், விலகினால் என்ன அபராதம் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். அந்தப் பள்ளிக்கு நீங்களே நேராகத் தொடர்பு கொண்டு கேளுங்கள். ஏஜெண்டு கொடுத்த எண்ணுக்கு அல்ல, பள்ளியின் சொந்த எண்ணுக்கு.

4. கடப்பிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்பூர்வக் காரணம் இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் கடப்பிதழ்ச் சட்டம் 1966இன்படி குற்றம். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

5. போகும் நாட்டில் எதைப் பேசினால் குற்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசர், சமயம், இராணுவம், எல்லைப் பிரச்சினை. முகநூலில் நீங்கள் பழைய காலத்தில் போட்ட பதிவும் அங்கே சாட்சியாகலாம்.

6. போய் இறங்கியதும் மலேசியத் தூதரகத்தில் பெயரைப் பதியுங்கள். பிடிபட்டால், "என் தூதரகத்திற்குத் தெரிவியுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கை, 36வது பிரிவு. ஆனால் தூதரகம் உங்களைப் பார்க்கலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். சிறைக் கதவைத் திறக்கும் சாவி அதனிடம் இல்லை.

7. வீட்டாரோடு ஓர் அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போதும் ஆபத்து என்று சொல்ல அது உதவும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த நேரம் தவறினால் காத்திருக்காமல் போலீசில் புகார் செய்து, விஸ்மா புத்ராவுக்குத் தெரிவியுங்கள்.

ஏற்கெனவே சிக்கியவர் குடும்பத்திற்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டம் 2007இன்படி, ஏமாற்றிச் சுரண்டலுக்குக் கொண்டு போவது 15 ஆண்டு வரை சிறை தரும் குற்றம். "அவன் விரும்பித்தானே வந்தான்" என்று ஏஜெண்டு சொன்னால் அது செல்லாது, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அங்கே தற்காப்பு ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. முதல் போலீஸ் புகார்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. தரகனுக்கு மேலும் பணம் கட்டுவதற்கு முன் புகார் செய்யுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது

பிள்ளைகளை மட்டும் எச்சரித்துவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட முடியாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தமிழிலும் வெளியிடுங்கள். எந்த நாட்டில் மலேசிய ஆசிரியருக்கு என்ன விசா செல்லும் என்று தெளிவாக எழுதுங்கள். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள தொழிலாளர் இலாகா அலுவலகங்களில் தமிழில் விளக்கம் தர ஆள் வையுங்கள். காணாமல் போனவரின் தாய் புத்ராஜெயாவுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் மாறி மாறி அலைய விடாதீர்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி இது: நன்றாக ஆங்கிலம் தெரிந்த, கற்பிக்கவும் ஆசை உள்ள நம் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு இங்கே ஏன் இடமில்லை? தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவர்கள் இல்லையா? ஹைடெக் பூங்காவில் பதவி உயர்வு நேர்காணலில் ஆங்கிலம் பேசப் பயந்து பின்வாங்கும் நம் தொழிலாளர்கள் இல்லையா? மியன்மாரிலிருந்து தப்பி வந்து அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைக்காமல், அகதிகளே நடத்தும் கற்றல் மையங்களில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இல்லையா? மியன்மார்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க யாங்கோன் வரை போக வேண்டியதில்லை.

கோயில் நிர்வாகங்களே, இளைஞர் மன்றங்களே, உங்கள் மண்டபத்தில் வாரம் ஒரு நாள் மாலை ஆங்கில வகுப்புக்கு இடம் கொடுங்கள். கற்பிக்கும் பட்டதாரிக்கு ஒரு தொகையாவது கொடுங்கள், இலவசச் சேவை என்று சொல்லி அவர்கள் உழைப்பை உறிஞ்ச வேண்டாம். அதே மண்டபத்தில் மாதம் ஒரு முறை வேலை ஒப்பந்தங்களைப் படித்துப் பார்க்க ஒரு வழக்கறிஞரை அழையுங்கள். அழைத்தால் வருவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வெளிநாட்டு வேலைக் கடிதத்தோடு வந்து நின்றால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த கடிதத்தை உங்களிடம் காட்ட மாட்டான். பக்கத்தில் உட்கார வைத்து நான்கு கேள்வியையும் கேளுங்கள். எந்த நாடு? என்ன விசா? யார் முதலாளி? என்ன ஆட்சி? நான்குக்கும் பதில் இருந்தால் வாழ்த்தி அனுப்புங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், கையெழுத்துப் போடுவதை நிறுத்தி வைத்துவிட்டுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!